கை மட்டும் கோர்க்கலாம்

"நீங்களே சொல்லிடுங்க. தப்பு உங்க மேலதான்."

"என் மேலயா? ஜன்னல் கதவைச் சாத்தினது யாரு?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பள்ளிக்கூடத்தையே நடுங்க வைக்கும் ஹெட்மாஸ்டரான அவள் கணவர், ஆஸ்பத்திரி பெஞ்சில் வீட்டுப்பாடம் செய்யாத பையன் மாதிரி கைக்குட்டையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

கருப்பையில் புற்றுநோய். ஆபரேஷன், கதிர்வீச்சு எல்லாம் முடிந்து ஒரு வருடமாகியும் இருவரும் கட்டிலின் ஆளுக்கொரு ஓரத்தில்தான் படுத்தார்கள். அவளுக்கு, வலிக்குமோ என்று பயம். அவருக்கு, வலிக்க வைத்துவிடுவோமோ என்று. வெட்கத்தை விட்டு டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டபோது, அவர் கறாராகச் சொல்லிவிட்டார்:

"ஒரு மாசம் கை கோர்க்கலாம். முதுகு பிடிச்சு விடலாம். முத்தம்கூட குடுக்கலாம். அதைத் தாண்டக் கூடாது."

பாதி மாதம்கூட ஆகவில்லை. நேற்று, ஞாயிற்றுக்கிழமை மதியம், தாண்டியாகிவிட்டது.

"ஏங்க, உள்ள ஏதாவது கெட்டுப்போயிருந்தா?" அவள் சிரிப்பு சட்டென்று நின்றது. "மறுபடி முதல்லேர்ந்தா?"

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இதுக்கு அனுமதி இருக்கு" என்றார். அவளுக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது.

நர்ஸ் கூப்பிட்டாள். உள்ளே போனதும் அவர் உட்காரக்கூட இல்லை.

"டாக்டர், நேத்து ஒரு விதிமீறல் நடந்துபோச்சு."

"யாரு ஆரம்பிச்சது?"

இரண்டு விரல்கள் ஒன்றையொன்று காட்டின.

"வலிச்சுதாம்மா?"

"இல்ல டாக்டர்."

"ரத்தம் ஏதாவது?"

"இல்ல. வறட்சிக்குன்னு நீங்க குடுத்தீங்களே, அந்த ஜெல்லைப் போட்டுத்தான்..." மீதியை அவள் முழுங்கிவிட்டாள். ஹெட்மாஸ்டர் கூரையில் சுற்றும் மின்விசிறியை ஆராய்ந்தார்.

பரிசோதித்து முடித்த டாக்டரம்மா, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பெருமூச்சு விட்டார். இருவரும் கையைக் கோர்த்துக்கொண்டார்கள்.

"பாத்தியா சிஸ்டர்? இவங்களும் ஒரு மாசம் தாங்கலை."

நர்ஸ் களுக்கென்று சிரித்தாள். "இதுவரைக்கும் யாரு தாங்கினாங்க டாக்டர்?"

"உக்காருங்க சார். அவங்க உடம்பு போன தடவை வந்தப்பவே தயாராத்தான் இருந்துச்சு. 'தாராளமா சேர்ந்து இருங்க'ன்னு சொல்லியிருந்தா, பயத்துலயே இன்னொரு வருஷம் ஓட்டியிருப்பீங்க. அதான் 'கூடாது'ன்னு சொல்லி அனுப்பினேன்!"