குள்ள மேடம்

"‘நொப்பி’ன்னா இன்னாக்கா?"

பக்கத்து வீட்டிலிருந்து கூலிக்குத் தறி நூலைத் தாரில் சுற்ற வரும் ரேஷ்மா, மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "வலி. ஏன் கேக்கற?"

"சும்மாதான்."

சும்மா கேட்கிற முகமா அது? பிரியங்கா ஆரணியிலிருந்து ஆந்திராவிலிருக்கும் நகரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. தெலுங்கில் ‘ரா’, ‘போ’ தாண்டி ஒன்றும் வராது. அவள் புருஷன் பிரபாகருக்கோ வாயைத் திறந்தால் பாதி தமிழ், பாதி தெலுங்கு. இந்த வாரம் தொடங்கியதிலிருந்து காலையானால் தறிக்கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று திருப்பதிக்குப் போன் பேசுகிறான். அத்தனையும் தெலுங்கு. தறி ஓடுகிற சத்தத்தில் பாதிதான் அவள் காதில் விழும். விழுந்த பாதியில் ‘மேடம்’ மட்டும் தவறாமல் இருந்தது.

மேடம் நொப்பி. அதாவது மேடத்துக்கு வலி. பொழுதுக்கும் தறியில் நிற்கிற பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்க நாதியில்லை, திருப்பதியில் எவளுக்கோ வலி என்றால் இவனுக்கு இங்கே துடிக்கிறது.

மறுநாள் இன்னும் இரண்டு வார்த்தை கிடைத்தது.

"‘எத்து’ன்னா?"

"உயரம்."

"‘பெஞ்சாலி’ன்னா?"

"கூட்டணும், ஏத்தணும். இன்னாமே, தெலுங்கு டீச்சர் வேலைக்குப் போவப் போறியா? போறதுன்னா சொல்லு, நானும் வந்து மொத பெஞ்சில குந்திக்கறேன்."

பிரியங்கா சிரிக்கவில்லை. ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றுகொண்டு கணக்குப் போட்டாள். மேடத்தின் உயரத்தைக் கூட்டணுமாம். அப்படியென்றால் மேடம் குள்ளம். ஐந்தடி நாலங்குலத்தில் ஒருத்தியை வீட்டில் வைத்துக்கொண்டு குள்ளச்சி பின்னால் போகிறானே என்று அழுகை வந்தது. மேடம் குள்ளம் என்பதில் ஒரு சின்னத் திருப்தியும் வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மத்தியானம் சோறு போடும்போது நூல் விட்டுப் பார்த்தாள். "மாமா, குள்ளமா கீற பொம்பளைங்கன்னா உங்களுக்கு எப்படி?"

பிரபாகர் குழம்புக் கையோடு யோசித்தான். "எங்க சின்ன அத்தை குள்ளந்தான். நல்லவங்கதான். ஏன், ஊருக்கு வர்றாங்களா?"

நடிப்பைப் பார் என்று நினைத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல, துன்னுட்டு எழுந்திருங்க."

மூன்றாம் நாள் காதில் விழுந்ததுதான் அவளை உலுக்கிவிட்டது. மேடம் கிந்த மெத்த என்னவோ. ‘கிந்த’ என்றால் கீழே என்று ரேஷ்மா சொன்னாள். மெத்தைக்கு யாரிடமும் அர்த்தம் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆரணியிலும் மெத்தை மெத்தைதான்.

"அக்கா, திருப்பதியில மாமாவுக்குத் தெரிஞ்ச மேடம் யாராச்சும் கீறாங்களா?"

"திருப்பதியில மேடத்துக்கா பஞ்சம்? பேங்குல ஒரு மேடம், காலேஜில ஒரு மேடம், ஆஸ்பத்திரிக்குப் போனா பத்து மேடம். உனக்கு எந்த மேடம் வேணும்?"

"குள்ளமா ஒருத்தி."

ரேஷ்மா சிரித்த சிரிப்பில் தார் நூல் அறுந்தது. அப்புறம்தான் பிரியங்காவின் கண்ணைப் பார்த்து அடங்கினாள். "ஏமே, பிரபாகரு வாயில்லாப் பூச்சிமே. நேரா கேட்டுடு. உள்ளுக்குள்ளயே வச்சிக்கினு வேகாத."

கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயம்தான் பிரியங்காவுக்கு. இந்த ஆறு மாதத்தில் அந்த மனிதன் மேல் ஆசை வந்து தொலைத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை திருப்பதிக்குப் போன பிரபாகர் சாயங்காலம் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தான். அவன் கைகால் கழுவப் போன நேரம் பார்த்து அவள் பெட்டியைத் திறந்தாள். ஓட்டக்காரர்கள் போடுகிற மாதிரி ஷூ. ஊதா நிறம், பெண்கள் அளவு. உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். பின்பக்கம் தடிமனாக, மெத்துமெத்தென்று ஒரு திண்டு வைத்திருந்தது. தனியாக ஒரு கவரில், இன்னும் உயரம் வேண்டுமானால் அடியில் செருகிக்கொள்ள மெல்லிசாக இரண்டு திண்டுகள் வேறு. ஆக, உயரமும் கூட்டியாயிற்று, மெத்தையும் போட்டாயிற்று.

பையை எடுத்துப் புடவைகளைத் திணிக்க ஆரம்பித்தாள்.

"எங்கமே கெளம்பிட்ட?" என்றான் பிரபாகர், துண்டால் முகத்தைத் துடைத்தபடி.

"ஆரணிக்கு. அந்த ஷூவை உங்க குள்ள மேடத்துக்குப் போட்டுவிட்டு அழகு பாருங்க."

"எந்த மேடம்?"

"எனக்குத் தெலுங்கு வராதுன்னு நெனச்சிக்கினீங்களா? மேடம் நொப்பி. மேடம் எத்து பெஞ்சாலி. மேடம் கிந்த மெத்தை. ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் கேட்டுத் தெரிஞ்சிக்கினேன்." சொல்லிக்கொண்டே இன்னொரு புடவையைப் பைக்குள் திணித்தாள்.

பிரபாகர் தரையில் உட்கார்ந்து, அவள் காலைப் பிடித்து ஊதா ஷூவுக்குள் நுழைத்தான். அளவு கச்சிதமாக இருந்தது.

"பொடவைக்கு ஷூவான்னு வேணான்னுடுவியேன்னுதான் சொல்லாம, ஷூ கடைக்காரன்கிட்ட போன்லயே பேசி வாங்கினேன். எல்லா வார்த்தைக்கும் அர்த்தம் கேட்ட, அந்த ஒரு வார்த்தைக்குக் கேட்டியா?" என்றான். "அது மேடம் இல்லமே, ‘மடம’. தெலுங்குல குதிகால். தெனம் காலையில எழுந்ததும் செவுத்தப் புடிச்சிக்கினு நொண்டறியே, அந்தக் குதிகால்."