பிடிக்காத வக்கீல்கள்

"இவரும் வேண்டாம்ணா" என்று சொல்லிக்கொண்டே தங்கை படியிறங்கி வந்தபோது, கையிலிருந்த கார் சாவியை எங்கேயாவது விட்டெறிந்துவிடலாமா என்று வந்தது அண்ணனுக்கு. இவர் எத்தனையாவது வக்கீல் என்று எண்ணுவதை அவன் எப்போதோ விட்டுவிட்டான்.

அவனும்தான் என்ன செய்வான்? வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறவன். வருகிற சவாரியை எல்லாம் விட்டுவிட்டு, கோர்ட்டைச் சுற்றி வக்கீல் போர்டு தொங்குகிற வாசலில் எல்லாம் வண்டியை நிறுத்திப் பழியாய்க் கிடந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

இவளோ உள்ளே போவாள், மூக்கைச் சிந்திச் சிந்தி முழுக் கதையையும் கொட்டுவாள், வெளியே வந்ததும் ஒரு நொட்டை சொல்வாள். ஒருத்தருக்கு வயதாகிவிட்டதாம். ஒருத்தர் பேசவே விடவில்லையாம். இன்னொருத்தருக்கு முழியே சரியில்லையாம்.

எல்லாம் அந்தக் கட்டையில் போகிறவனால் வந்தது, அவள் புருஷனால். வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசுகிற ஜென்மம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு அவள் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அங்கேயும் அவன் வந்து வாசலில் நின்று, தெருவே கேட்கிற மாதிரி மிரட்டிவிட்டுப் போனான்.

"விவாகரத்துதானே? தாராளமா வாங்கிக்கோ. இந்த ஊர்லயே பெரிய வக்கீலா வெச்சு புள்ளையப் பிடுங்கிட்டுத்தான் உன்ன விடுவேன்."

அன்றிலிருந்து குழந்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

வக்கீலெல்லாம் எதுக்கு, பேசித் தீர்த்துக்கலாமே என்று முதலில் தங்கை இழுக்கத்தான் செய்தாள். அண்ணன்தான் விடாப்பிடியாக ஒரு வக்கீலம்மாவிடம் கூட்டிப்போனான். அந்தம்மா தங்கமான மனுஷி. ஒருத்தர் கதையைக் காதில் வாங்கிவிட்டால் அதே கேஸில் எதிர்த்தரப்புக்குத் தாங்கள் போக முடியாது, அதுதான் தங்கள் தொழில் முறை, அதனால் பயப்படாமல் எல்லாவற்றையும் சொல்லலாம் என்று தைரியம் கொடுத்தார். தங்கை அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். அண்ணனை வெளியே அனுப்பிவிட்டு அந்தம்மா அவளோடு தனியாக வேறு பேசினார்.

அப்பாடா, ஒரு வழி பிறந்தது என்று அண்ணன் பெருமூச்சு விட்டான். வெளியே வந்தவள், "இன்னும் கொஞ்சம் பேரைப் பார்க்கலாம்ணா" என்றாள். அன்றைக்குப் பிடித்த சனியன்தான் இந்த அலைச்சல்.

இன்றைக்கு அவன் காரைக் கிளப்பவில்லை. கதவை அறைந்து சாத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி முழி சரியில்ல, மூக்கு சரியில்லன்னு வக்கீல் பார்த்துட்டிருக்க. அவன் அங்க ஆள் பிடிச்சிட்டான்னா என்னடி பண்ணுவ? உனக்குப் புள்ள வேணுமா, வேண்டாமா?"

கத்த ஆரம்பித்தவன் கடைசியில் குரலைத் தணித்துக்கொண்டான். அவன் தூக்கி வளர்த்த தங்கை. இப்போது அவள் மகளை அந்தப் பாவி வந்து பிடுங்கிக்கொண்டு போவதைப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை.

அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நிதானமாக சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"அந்த வக்கீலம்மாகிட்ட முதல் நாளே கையெழுத்துப் போட்டுட்டேன்ணா."

அண்ணன் கார் சாவியை டேஷ்போர்டில் வைத்தான்.

"அப்போ மத்தவங்ககிட்ட எல்லாம் எதுக்குடி போய் அழுத?"

"அந்த மனுஷன் தேடி வர்றப்போ, இந்த ஊர்ல ஒரு வக்கீல் மிஞ்சக் கூடாதுன்னுதான்."