பெர்சிஸின் வசனம்

விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் ஞானசிகாமணி பைபிளை விரித்துப் பாயில் உட்கார்ந்திருக்கிறார். எதிரில் மனைவி சுகிர்தம். அரியலூர் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று கடக்க, வெள்ளைத் தூசி படிந்த ஜன்னல் அதிர்கிறது. சத்தம் தேய்ந்து மறையும்வரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அப்படியொரு லாரிதான் போன மாதம், டியூஷனுக்குப் போன மகள் பெர்சிஸை அடித்துப் போட்டது. காலை ஜெபத்தில் ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்பது இந்த வீட்டு வழக்கம்: அப்பா, அம்மா, அப்புறம் மகள். இப்போதெல்லாம் அவள் முறை வரும்போது சற்று நிறுத்தி, அந்த வசனத்தைத் தாண்டிப் போகிறார்கள். இன்று இருபத்துமூன்றாம் சங்கீதம். மரண இருளின் பள்ளத்தாக்கைச் சொல்லும் வசனம் ஞானசிகாமணியின் முறைக்கு வருகிறது. குரல் உடையாமல் கடந்துவிடுகிறார். நிரம்பி வழியும் பாத்திரம் சுகிர்தத்துக்கு. மிஞ்சுவது கடைசி வசனம், உயிரோடிருக்கும் நாளெல்லாம் நன்மை கூடவே வரும் என்பது. அது பெர்சிஸின் முறை. தூங்கி வழிகிறவளைத் தொடையில் தட்டி எழுப்பும் பழக்கத்தில் சுகிர்தத்தின் கை பக்கவாட்டில் நீள்கிறது. வெறும் பாய் தட்டுப்படுகிறது. கோரையின் குளிர்ச்சியில் விரல்கள் அப்படியே நிற்கின்றன.

“இதையும் தாண்டிட்டா சங்கீதமே முடியாதே. நீ வாசிச்சிடு, சுகிர்தம்,” என்கிறார்.

“அது அவ வசனங்க.”

அவர் மெல்ல முழங்காலை மடக்குகிறார். “சரி, ஜெபம் பண்ணிடலாம்.”

“கொஞ்சம் இருங்க,” என்கிறாள் சுகிர்தம், பாயிலிருந்து கையை எடுக்காமல். “அவ எப்பவும் லேட்டாத்தான் ஆரம்பிப்பா.”