பாட்டு முடியட்டும்

"கதைய மாத்தாதீங்க லா, தம்பி! வாளை எடுக்கிறதுக்கு முன்னாடி வச்சிரவேலன் ஒரு முழுப் பாட்டுப் பாடியே ஆகணும்" என்றார் வேலாயுதம்.

ஈப்போவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஆம்புரோஸ் தலையைச் சொறிந்தான். ரப்பர் தோட்டத்து நாடகங்களின் மாயவாள் இளவரசன் வச்சிரவேலனை, 1985-க்கு ஏற்றபடி இருவர் ஆடும் வீடியோ கேமாகச் செய்துகொண்டிருந்தான். சுங்கை சிப்புட் தோட்டத்தில் வருஷா வருஷம் அந்த நாடகத்தில் நடித்தவர் என்பதால்தான் வேலாயுதத்தை அழைத்து வந்திருந்தான்.

"சண்டைக்கு நடுவுல பாட்டாண்ணே? ஆடுறவங்க போசான் ஆகி, சலிச்சுப்போய் எழுந்து போயிடுவாங்க."

"மேடையில அப்படித்தான். கையைக் கூப்பி, கண்ணை மூடிக்கிட்டுப் பாடுவான். இம்மிகூட நகர மாட்டான்."

"அதுவரைக்கும் எதிர்ல நிக்கிற அரக்கன் என்ன செய்வான்?"

"கதாயுதத்தைத் தூக்கிக்கிட்டுப் பக்கத்துலயே நிப்பான்."

ஆம்புரோஸ் பெருமூச்சு விட்டு, அவர் சொன்னபடியே எழுதி முடித்தான். மறுவாரம் அவரைக் கூப்பிட்டு, "முதல் ஆட்டம் உங்களோடதுதாண்ணே" என்று இளவரசனின் ஜாய்ஸ்டிக்கை நீட்டினான்.

வேலாயுதம் அதை அவனிடமே தள்ளிவிட்டு, அரக்கனுடையதை எடுத்துக்கொண்டார்.

திரையில் வச்சிரவேலன் கண்ணை மூடிப் பாடத் தொடங்கினான். அடுத்த நொடியே அவன் தலையில் கதாயுதம் இறங்கியது.

"அண்ணே! பாட்டு இன்னும் முடியலையே!"

"அரக்கன் வேஷம் கட்டினதே நான்தான் லா. இந்தப் பாட்டு முடியிற வரைக்கும் கை கடுக்க நின்னுட்டு, அப்புறம் அவன்கிட்ட அடியும் வாங்கிட்டு விழுவேன். வருஷா வருஷம்!"

வேலாயுதம் மறுபடியும் பட்டனை அழுத்தினார்.

"இன்னிக்கு நிக்க மாட்டேன்."