கதவடி வெளிச்சம்

இறந்தவரின் விழித்திரை, ஆய்வகத்தின் முழு இருட்டில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் மிதந்தது. காலையில் அவர் மனைவி செண்பகவல்லி கையெழுத்திட்டுக் கொடுத்த கண். துளி ஒளி பட்டாலும் செல்களுக்குள் உறங்கும் நொதிகள் ஒன்றையொன்று எழுப்பிவிடும். அதனால் பிரிசில்லா இருட்டில் பார்க்கும் கண்ணாடி அணிந்து, கதவடியில் கறுப்புத் துணி செருகி, மயிரிழை போன்ற மின்முனையை இறக்கிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு மணி நேரத்தில் செல்கள் செத்துவிடும். வேறு கண் கிடைக்காது.

வெளியிலிருந்து செண்பகவல்லி கேட்டாள். “உள்ள லைட் போடலையாம்மா? அவருக்கு இருட்டுன்னா ஆகாது. தூங்குறப்பகூட ஒரு பல்பு எரியணும்.”

“கொஞ்சம் பொறுங்கம்மா. வெளிச்சம் பட்டா எல்லாம் வீணாயிடும்.”

மின்முனை செல்லைத் தொட்டது. பிரிசில்லா ஒரு காதில் மாட்டியிருந்த காதொலிப்பானில் சீரான ரீங்காரம் எழுந்தது. இருட்டில் இருக்கும் செல்லின் சத்தம் அது; ஒளியை உணர்ந்தால் அடங்கிவிடும்.

கதவடித் துணி அசைந்தது. டார்ச் வெளிச்சம் கோடாக உள்ளே நீண்டு மேசையில் ஏறியது.

ரீங்காரம் சட்டென்று அடங்கிவிட்டது.

“இந்தாங்க, நான் இங்கதான் இருக்கேன்,” என்றது தரையோரமாகச் செண்பகவல்லியின் குரல். பிறகு பிரிசில்லாவிடம், “தெரியுதாம்மா அவருக்கு?”

கத்துவதற்குத் திறந்த வாயோடு பிரிசில்லா அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.