மூன்று பிடி

காலையில் கணவனுக்கு அவள் முடிச்சுப் போட்டுக் கொடுத்த மஞ்சள் சோற்றுப்பை, வேலிக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் நின்ற பைக்கும் அவர்களுடையதுதான்.

பேருந்து ஜன்னலில் பார்த்துவிட்டு, நிறுத்தச் சொல்லி இறங்கியவள், சாலையோரப் புளியமரத்தை விட்டு நகரவில்லை. கையில் ஸ்கேன் சீட்டு. எதிர்ப்பக்கம், வேலிக்குள், செல்போன் டவர்.

மெதுவாக அண்ணாந்தாள்.

உச்சிக்குச் சற்றுக் கீழே ஓர் ஆரஞ்சுச் சட்டை. வேறு யாராவதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை. வலது தோளைத் தூக்க முடியாமல், எல்லாவற்றுக்கும் இடது கையை முதலில் நீட்டுகிற ஆள் வேறு யார்?

ஐந்து மாதத்துக்கு முன்னால் இப்படி ஒரு டவரில் கொக்கி விலகி நழுவினான். பெல்ட் பிடித்துக்கொண்டது. தோள் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவள் வயிற்றில் கை வைத்து, இனி ஏற மாட்டேன் என்றான். அவள் கேட்காமலே சொன்னான்.

தோள் ஓரளவு தேறியதும் ஆபீஸ் வேலை. அந்தச் சேதியை ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்து சொன்னது அவள் அண்ணன் முத்துரத்தினம். அதே கம்பெனிக்காரர்.

அந்த முத்துரத்தினம்தான் இப்போது டவரடியில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார். சாமான் மூட்டை மேலே போனது. கப்பி கிறீச்சிட்டது.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

தினமும் பதினோரு மணிக்கு அவனைக் கூப்பிடுவாள். முதல் மணியிலேயே எடுத்துவிடுவான். பக்கத்து வீட்டில்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள். பேச்சு தொடங்கும்போது இந்தக் கிறீச். உடனே நின்றுவிடும். ஆபீஸ் ஃபேனுக்கு எண்ணெய் போட ஆளில்லை என்பான்.

காலருக்கு மேலே கழுத்து கறுத்துப்போனதைக் கேட்டபோது, பைக்கில் போகிற வெயில் என்றான். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். உட்கார்ந்த வேலைக்கு அரை வயிறு போதும் என்றான். சோற்றைக் குறைத்து வைத்தாள்.

மணி பதினொன்று.

கூப்பிட வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. விரல் பழக்கத்தில் அழுத்திவிட்டது.

முதல் மணி.

மேலே, ஒரு கை காதுக்குப் போனது.

"ஏனுங்க, எங்க இருக்கறீங்க?"

"ஆபீசுலதான் அம்முணி. வேறெங்க போவேன்? பாழாப்போன ஃபேன், கேக்குதா?"

கேட்டது.

சொல்லிக்கொண்டே அவன் மற்றொரு கையையும் இரும்பிலிருந்து எடுத்துக் கீழே பார்த்து ஆட்டினான். முத்துரத்தினம் கயிற்றை நிறுத்தினார். கப்பி அடங்கியது.

இரண்டு கையும் காற்றில்.

கல்யாணமான புதிதில் அவன்தான் சொல்லிக்கொடுத்தான், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஏணியில் அவளை ஏற்றிவிட்டு. இரண்டு கால், இரண்டு கை. நாலில் மூன்று எப்போதும் பிடியில் இருக்க வேண்டும். பயத்தில் அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அது கணக்கில் சேராது என்று சிரித்தான்.

அதே சிரிப்பு இப்போது போனில். மேனேஜர் எதிரில் உட்கார்ந்து முறைக்கிறாராம். அவருக்கு வீட்டில் இப்படிக் கூப்பிட ஆளில்லையாம்.

குரல் ஓர் இழைகூட மாறவில்லை. வயிற்றில் காது வைத்துப் பிள்ளையிடம் பேசுகிறானே, அதே குரல்.

மாறியிருந்தால் தேவலை போலிருந்தது.

எத்தனை பதினோரு மணிகள். ஒவ்வொரு நாளும் அந்தக் கையை இரும்பிலிருந்து எடுக்கவைத்தது அவள்தான். அவளுக்குத் தெரியாமல், அவளைக்கொண்டே.

"செரிங்க, வெச்சர்றேன்" என்றாள்.

கைகள் இரண்டும் இரும்புக்குத் திரும்பும்வரை மூச்சை விடவில்லை.

அப்போதுதான் முத்துரத்தினம் இந்தப் பக்கம் திரும்பினார். பார்த்துவிட்டார். வாய் திறந்தது.

அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

கீழே ஆள் கத்தினால் மேலே இருப்பவன் குனிந்து பார்ப்பான். அதுவும் அவன் சொல்லிக்கொடுத்ததுதான்.

அண்ணனால் கயிற்றை விட முடியவில்லை. அவள் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

ஸ்கேனுக்குக் கொடுத்திருந்த நேரம் தாண்டியது. இரண்டு பேருந்துகள் வேகம் குறைத்து, அவள் கை நீட்டாததால் போய்விட்டன. சீட்டு வியர்வையில் நைந்தது.

அவன் இறங்கினான். படி படியாக. இடது கை, கால், கால், வலது கை. ஒவ்வொன்றையும் அவள் எண்ணினாள்.

பூட்ஸ் மண்ணைத் தொட்டது. கொக்கிகளைக் கழற்றினான். பக்கவாட்டில் திரும்பி நின்று, பாட்டிலை உயர்த்தித் தண்ணீர் குடித்தான். முத்துரத்தினம் கயிற்றைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தார். சுருட்டியதையே பிரித்து மறுபடி சுருட்டினார்.

அவள் மறுபடி அவன் எண்ணை அழுத்தினாள்.

முதல் மணியிலேயே பாட்டில் கீழே இறங்கியது. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துத் திரையைப் பார்த்தான்.

அவள் பெயரைப் பார்க்கும்போது அவன் முகம் எப்படி ஆகும் என்று இதுவரை அவள் பார்த்ததில்லை.

மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பொய் என்று யாராலும் சொல்ல முடியாது.

"என்ன அம்முணி, மறுக்கா?"

இப்போது அவன் கால்கள் இரண்டும் மண்ணில் இருந்தன. விழுவதற்கு இடமில்லை.

"எங்க இருக்கறீங்க?" என்று இன்னொரு தடவை கேட்டாள்.

அவன் டவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். உதடு பிரிந்தது.

அவள் கண்களை மூடிக்கொண்டாள்.