சன்னலுக்கு நேரே நிற்கும் மரங்கள்

அல்மாட்டிக்கு மேலே மலைச்சரிவில், பெயிண்ட் வாசனை போகாத புது வீட்டின் மாடியில் ரபிகா காலுறையோடு வழுக்கிவிடாமல் நடக்கிறாள். அந்த ஊர் வழக்கப்படி, புதிதாக எதை முதல்முறை பார்த்தாலும் பார்த்தவர் பார்த்ததற்கென்று ஒரு பரிசு வைக்க வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்தே ஆறு மாதமாக இந்தப் பக்கம் அவள் தலைகாட்டவில்லை. ஓரகத்தி தொர்கின் தன் பங்கு ஆப்பிள் தோட்டத்தை வில்லா கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டு, அதே இடத்தில் இந்த வீட்டை வாங்கிக்கொண்டாள். ரபிகா விற்கவில்லை. மரத்தை வெட்டாதே என்று ஊரெல்லாம் கையெழுத்து வாங்கியவள் அவள். இங்கே குழாயைத் திருகினால் வெந்நீர் கொட்டுகிறது. அடுப்புக்கரி ஏறிய விரல்களை அதில் நீட்டிவிட்டு, சட்டென்று இழுத்துக்கொள்கிறாள். "இங்க வாங்கக்கா, இதுக்குத்தான் இந்த வீட்டுக்கு அவ்வளவு கிராக்கி," என்று தொர்கின் திரையை விலக்குகிறாள். வெயில் தரையெல்லாம் விழுகிறது. கீழே ரபிகாவின் தோட்டம் முழுக்கப் பூத்து, காற்றில் வெள்ளை வெள்ளையாக அசைகிறது. முப்பது வருஷம் மண்வெட்டியோடு அதற்குள் குனிந்தே நின்றவள், அதன் அழகை இப்போதுதான் பார்க்கிறாள், அதுவும் தொர்கின் வீட்டுச் சன்னல் வழியாக. வயிறு பற்றி எரிகிறது. "என்னக்கா, பாத்ததுக்கு ஒண்ணும் இல்லையா?" தொர்கின் சிரித்தபடி கையை நீட்டுகிறாள். பரிசாகக் கொண்டுவந்த சால்வை இருக்கும் பையின் வாயை ரபிகா இறுக்கிப் பிடிக்கிறாள். "தினம் காலைல எந்திரிச்சு என் மரத்தைப் பாக்குறது நீதானடி. முதல்ல நீ குடு." தொர்கின் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். ரபிகா சிரிக்கவில்லை. சன்னலுக்கு நேரே நிற்கும் அந்த நாலு மரத்தை மட்டும் வெட்டிவிட்டால் என்ன என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.